தலைநகரத்துப் பாம்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்கால இதழுக்காகப் பாம்புகள் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற மாதம் கேட்டிருந்தோம். தில்லி, குருகிராம், நொய்டா, ஃபரீதாபாத் பகுதிகளில் வாழும் தமிழ் வாசகர்கள் எழுதியவற்றுள், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு இருப்பிடத்தை மட்டும் குறித்திருக்கிறோம். பாம்பை அடையாளம் காண்பதற்கு இருப்பிடம்தான் உதவும்.

மயூர் விஹார் வாசகி: எங்கள் தரைத்தள வீட்டின் குளியலறைச் சுவரில் இரவு பத்து மணிக்கு ஓரடி நீளப் பாம்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், குறுக்கே வெளிர்நிறப் பட்டைகள். காவலாளி "கரைத், கரைத்" என்று கத்தியபடி அடித்துக் கொன்றுவிட்டார். கட்டுவிரியன்தான் என்று என் கணவரும் சொல்கிறார். படம் இணைத்திருக்கிறேன். அது கட்டுவிரியன்தானா?

இல்லை. படத்தில் இருப்பது வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்பு. பல்லி தின்பதற்காக வீட்டுக்குள் வருவது, இரவில் நடமாடுவது, சொரசொரப்பான சுவரில் எளிதாக ஏறுவது ஆகிய மூன்றும் இதன் இயல்புகள். கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துக் கொல்லப்படும் பாம்புகளில் பெரும் பங்கு இதற்கு உண்டு.

இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது பட்டைகளின் போக்கு. வரையனில் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, உடலின் முன்பகுதியில் அகலமாகவும் தெளிவாகவும் இருந்து, வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறைந்துவிடும். வளர்ந்த கட்டுவிரியனில் இது நேர்மாறாக இருக்கும். கழுத்தை அடுத்த பகுதி பெரும்பாலும் பட்டையின்றி வெறுங்கருப்பாக இருக்க, அதற்குப் பின்னர் மெல்லிய வெண்வரைகள் இரண்டிரண்டாகத் தோன்றி வால் நுனிவரை தெளிவாகத் தொடரும். நிறத்திலும் வேறுபாடு உண்டு. கட்டுவிரியன் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்புடன் நீலங்கலந்த கருமையில் இருக்கும், வரையன் பெரும்பாலும் பழுப்பு. வரையனின் தலை தட்டையானது, மூக்குப் பகுதி சற்றே முன்னோக்கி நீண்டது. கட்டுவிரியனின் தலை வட்டமாக, கழுத்திலிருந்து அதிகம் வேறுபடாமல் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் முதுகின் நடுவரிசைச் செதில்களில் இருக்கிறது. கட்டுவிரியனின் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் ஒற்றை வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரியனவாகவும் அறுகோண வடிவிலும் இருக்கும். வரையனின் முதுகில் எல்லாச் செதில்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான். நீங்கள் அனுப்பிய படம் மேலிருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருப்பதால் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. உறுதியாகப் பெயர் சொல்ல முடிவதும் அதனால்தான்.

ஆனால் இந்த விவரங்களைப் படித்துவிட்டு, அடுத்த முறை இரவில் குளியலறையில் நின்றபடி நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். இளம் கட்டுவிரியனில் முன்பகுதியிலும் வெண்குறிகள் இருப்பதுண்டு. வட இந்தியாவின் வறண்ட பகுதிகளில் வரையன் குடும்பத்திலேயே கருப்பு உடலில் வெண்பட்டை கொண்ட இன்னோர் இனமும் இருக்கிறது. அதைத் தொலைவிலிருந்து பார்த்தால் பழகியவர்களே ஒரு கணம் தயங்குவார்கள். இரவில் வீட்டுக்குள் பட்டை உள்ள பாம்பைக் கண்டால், செதில்களைத் தெளிவாகக் காட்டும் படம் கிடைக்கும்வரை அதைக் கட்டுவிரியனாகவே மதித்து விலகி நிற்பதுதான் சரி. கதவை மூடி, அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, மீட்பவர்களை அழைக்க வேண்டும். தில்லியில் வனத்துறையும், வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். போன்ற அமைப்பும் இதைச் செய்கின்றன. காவலாளியிடம் கோபப்படுவதில் பயனில்லை. அவருடைய கிராமத்தில் கட்டுவிரியன் கடித்து யாரேனும் இறந்திருக்கக்கூடும்.

இராமகிருஷ்ணபுரம் வாசகர்: மலை மந்திர் பக்கத்துப் புதரோரத்தில் இரண்டு பெரிய பாம்புகள் பின்னிப் பிணைந்து ஆள் இடுப்பளவு எழுந்து ஆடுவதைப் பலரும் பார்த்தோம். சாரையும் நல்லபாம்பும் இணைவதாகவும், அதன்மேல் புதுத்துணி போர்த்தி எடுத்து வைத்தால் நல்லது என்றும் என் மாமியார் சொன்னார். உண்மையில் அது என்ன?

நீங்கள் பார்த்தவை இரண்டும் சாரைகள், அதுவும் பெரும்பாலும் இரண்டும் ஆண்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்திப் பணிய வைக்க முயலும்போது உடல்கள் முறுக்கிக்கொண்டு மேலெழும்புகின்றன. ஒன்று தோற்று விலகும்வரை, சில வேளைகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, இந்தப் போட்டி நடக்கும். இணைசேர்தல் இவ்வளவு ஆர்ப்பாட்டமாக நடப்பதில்லை. தரையில் படுத்தபடி, வால்பகுதிகள் மட்டும் சேர்ந்திருக்க, அமைதியாக நடந்து முடியும்.

சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்ற நம்பிக்கை தமிழகத்தில் மிக ஆழமாக வேரூன்றியது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நல்லபாம்பு நஞ்சுப்பற்கள் கொண்ட குடும்பத்தில் கட்டுவிரியனுக்கு உறவு, சாரைக்கு நஞ்சே இல்லை. ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே உண்டு. துணி போர்த்தும் எண்ணத்தை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிக் கைவிடச் செய்யுங்கள். சாரைக்கு நஞ்சில்லை என்றாலும், இரண்டு மீட்டர் நீளப் பாம்பு பதறினால் நன்றாகக் கடிக்கும்.

நடமாடும் சாரையை நல்லபாம்பிலிருந்து பிரித்தறிய, தலையின் பக்கவாட்டைப் பாருங்கள். சாரையின் கண் பெரியது, உதட்டுச் செதில்களின் விளிம்புகளில் கரிய கோடுகள் இருக்கும், உடல் ஒல்லியாகவும் வால் நீளமாகவும் இருக்கும். பகலில் விரைந்து ஓடும் பெரிய பாம்பு என்றால் தில்லியில் அது அநேகமாகச் சாரைதான். இந்திக்காரர்கள் தாமன் என்பார்கள். நல்லபாம்பு படம் எடுத்தால் ஐயமில்லை. படம் எடுக்காதபோதுதான் குழப்பம் வருகிறது, அது எப்போதும் படம் விரித்துக்கொண்டே ஊர்வதில்லை.

முனிர்க்கா, கல்லூரி மாணவர்: ஊரில் இருக்கும்போது நண்பர்களுடன் வயல்வெளிகளில் பாம்பு பார்த்துப் பழகியவன் நான். தில்லியில் இயற்கைச் சூழலில் பாம்புகளைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்? எப்படித் தேட வேண்டும்?

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஊர்ப் பழக்கம் இங்கே முதலில் ஏமாற்றுவது அதில்தான். தமிழகத்தின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பாம்பு நடமாடிக்கொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழையின்போது அது இன்னும் கூடும். தில்லியில் திசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை பெரும்பாலான பாம்புகள் வளைகளிலும் பாறை இடுக்குகளிலும் அடங்கிவிடும். மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கும்போது காலை நேரத்தில் வெயில்காய வரும். மே, ஜூனில் பகல் வெயில் தாங்காமல் இரவு நடமாட்டத்துக்கு மாறும். ஜூன் இறுதியில் மழை தொடங்கியதிலிருந்து செப்டம்பர் முடிய, தவளைகளும் எலிகளும் பெருகி, வளைகளில் நீர் புகுந்து, முட்டையிலிருந்து குட்டிகளும் வெளிவரும். கண்ணில் படுவதற்கும் கடிபடுவதற்கும் வாய்ப்பு மிகுந்தவை இந்த மூன்று மாதங்களே.

இடம் என்று பார்த்தால் தில்லியில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று ஆரவல்லியின் வால்பகுதியான ரிட்ஜ். அசோலா பாட்டி சரணாலயம், சஞ்சய் வனம், வசந்த் விஹார் பக்கத்து ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா, எல்லை தாண்டினால் மாங்கர் பனி ஆகியவை இதில் அடங்கும். பாறையும் முள்ளும் வறண்ட மண்ணுமான நிலம். நம்மூர்ச் சீமைக்கருவேலம் இங்கே விலாயதி கீகர் என்ற பெயரில் கவிந்து கிடப்பதைப் பார்த்தால் இராமநாதபுரத்தில் நிற்பதாகவே தோன்றும். சுருட்டை விரியன், மண்ணுளிப் பாம்புகள், பூனைப்பாம்பு போன்றவற்றின் நிலம் இது. மற்றொன்று யமுனைச் சமவெளி. வசீராபாத் அருகே யமுனா பல்லுயிர்ப் பூங்கா, ஓக்லா பறவைச் சரணாலயம், நஜஃப்கர் கால்வாயோரம் ஆகிய இடங்களில் தண்ணீர்ப்பாம்பும் சாரையும் நல்லபாம்பும் கிடைக்கும். தண்ணீர்ப்பாம்பைக் கண்ணுக்குக் கீழும் பின்னுமாகச் சாய்ந்தோடும் இரண்டு கரிய கோடுகளைக் கொண்டு அறியலாம். மிரட்டினால் கழுத்தைத் தட்டையாக்கிக்கொண்டு எழும், அதைப் படம் என்று எண்ணிப் பலர் நல்லபாம்பு என்பார்கள்.

தேடும் முறையில் ஒரு கண்டிப்பு வேண்டும். கல்லைப் புரட்டாதீர்கள், வளைக்குள் கைவிடாதீர்கள், பாம்பைத் தொடாதீர்கள். சுருட்டை விரியன் பகலில் படுத்திருப்பது அப்படிப்பட்ட கற்களின் அடியில்தான். அரையடி முதல் ஒன்றரை, இரண்டடி வரை நீளம், மண்ணோடு கலந்துவிடும் நிறம், தலைமேல் பறவையின் காலடித்தடம் போன்ற வெளிர்க்குறி ஆகியவை அதன் அடையாளங்கள். நெருங்கினால் உடலை மடித்து மடித்துச் சுருட்டிக்கொண்டு, பக்கவாட்டிலுள்ள அரம்போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசிச் சரசரவென்று ஒலி எழுப்பும். அந்த ஒலி கேட்டால் எங்கே இருக்கிறதென்று தேடாமல், வந்த வழியே பின்வாங்குவதே முறை. சிறிய பாம்புதானே என்று அலட்சியம் செய்பவர்கள் இதன் கடிக்கு ஆளாகிறார்கள்.

பாம்பைத் தேடுவதைவிடப் பாம்பின் சுவடுகளைத் தேடுவது பாதுகாப்பானது, என் கருத்தில் சுவையானதும்கூட. செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் இதில் உலகப் புகழ் பெற்றவர்கள். புழுதியில் பதிந்த தடம், எச்சம், உரித்த சட்டை, வளை வாயின் வழவழப்பு ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார்கள். புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க 2017-இல் அவர்களில் இருவரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார்கள், 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்களுடைய தேர்ச்சி நமக்கு வராது என்றாலும், உரித்த சட்டையைப் படிக்க நீங்கள் பழகலாம். முதுகு நடுவரிசைச் செதில்கள் பெரிதா, செதில்களில் முகடு உண்டா, வாலின் அடிச்செதில்கள் ஒற்றையா இரட்டையா என்பதெல்லாம் சட்டையிலேயே பதிந்திருக்கும். கட்டுவிரியனின் வாலடிச் செதில்கள் பிளவுபடாத ஒற்றை வரிசை, வரையனில் அவை இரட்டை. உரியும்போது தோல் நீண்டுவிடுவதால் சட்டையின் நீளத்தைப் பாம்பின் நீளமாகக் கொள்ளக் கூடாது. நகரப் பகுதியில் சட்டைகளைத் தேட நல்ல இடங்கள் இடிந்த மதில்களின் அடியும் செங்கல் குவியல்களின் ஓரமும்தான். அங்கும் குச்சியால்தான் தொட வேண்டும், கையால் அல்ல.

கணுக்காலை மூடும் காலணி, நீளக் காற்சட்டை, மாலைக்குப் பின் நல்ல டார்ச் விளக்கு, உடன் ஒருவர் ஆகியவை இல்லாமல் போகாதீர்கள். பூங்காக்கள் மாலையில் மூடப்படும், இரவில் வனப்பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும். அசோலாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் மையத்தின் நடைகளில் சேர்ந்துகொள்வது தொடக்கத்துக்கு நல்ல வழி. குளிர்காலத்தில் பாம்பு பார்க்காமல் இருக்க முடியாது என்றால் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். முள்ளம்பன்றிகளின் வளைகளில் குடியிருக்கும் மலைப்பாம்புகள் சனவரி வெயிலில் வளை வாயிலில் சுருண்டு கிடக்கும். பாதையில் நின்றே பார்க்கலாம்.

குருகிராம் வாசகர்: கட்டடப் பணியிடத்தில் தடித்த உடலில் கரும்பழுப்புத் திட்டுகளுடன் ஒரு பாம்பு கிடந்தது. கண்ணாடி விரியன் என்று நான் சொன்னேன், ஊழியர்கள் வேறு பெயர் சொன்னார்கள். தில்லிப் பகுதியில் கண்ணாடி விரியன் உண்டா?

வட இந்தியாவில் உண்டு, ஆனால் தமிழக வயல்களில் போல் இங்கே மலிந்ததன்று. தலைநகரைச் சுற்றி அதைக் காண்பது மிக அரிது. உங்கள் வர்ணனைக்கு அதிகம் பொருந்துவது திட்டு மண்ணுளி. அதன் வால் சட்டென்று குட்டையாக முடியும், தலை கழுத்திலிருந்து பிரியாமல் இருக்கும். கண்ணாடி விரியனின் தலை அகன்ற முக்கோணம், முதுகில் சங்கிலிக் கண்ணிகள் போன்ற வட்டங்கள் மூன்று வரிசையாக ஒழுங்காக ஓடும், சீறல் குக்கர் விசில்போல் உரக்கக் கேட்கும். படம் இல்லாததால் இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

நொய்டா வாசகர்: முக்கோணத் தலை இருந்தால் நஞ்சுள்ள பாம்பு, உருண்டைத் தலை இருந்தால் நஞ்சற்றது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. நம்பலாமா?

அழித்துவிடுங்கள். இந்தியாவில் மிகுந்த ஆபத்து விளைவிக்கும் பாம்புகளில் இரண்டான நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. நஞ்சால் மனிதருக்குத் தீங்கில்லாத பூனைப்பாம்புக்குத் தலை கழுத்தைவிட நன்றாக அகன்றிருக்கும், கண்மணியும் விரியனுக்குப் போலச் செங்குத்துக் கீறலாக இருக்கும். அந்தப் பட்டியலை நம்பியவர் பூனைப்பாம்பைக் கொன்றுவிட்டுக் கட்டுவிரியனைக் கையால் எடுப்பார். வட அமெரிக்காவுக்கு அது ஓரளவு பொருந்தக்கூடும், அங்கே நஞ்சுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விரியன் குடும்பம். நமக்குப் பொருந்தாது.

அல்வர், தொழிற்சாலைப் பணியாளர்: இங்கே முழுக் கருப்பாக ஒரு பாம்பு படம் எடுத்தது. படத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடிக் குறியே இல்லை. நல்லபாம்பில் வேறு இனமா?

அதே நல்லபாம்புதான். பாகிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் முழுக் கருமையாக, குறியின்றி அல்லது குறி மங்கியதாக இருப்பவை பல உண்டு. படத்தின் குறி இருந்தால் அது அடையாளத்தை உறுதிசெய்யும், இல்லாததைக் கொண்டு எதையும் மறுக்க முடியாது.

துவாரகா வாசகி: செப்டம்பரில் குடும்பத்துடன் சம்பா, டல்ஹௌசி போகிறோம். மலையில் பாம்பு பயம் உண்டா?

பயம் வேண்டாம், கவனம் போதும். மேற்கு இமயமலையில் நீங்கள் காணக்கூடிய நஞ்சுள்ள பாம்பு இமயக் குழிவிரியன். கண்ணுக்கும் நாசித்துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி கொண்டது, பழுப்பு நிறம், குட்டையான உடல், மந்தமான நடை. 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில்கூட வாழ்கிறது. கல்லடுக்கிக் கட்டிய மொட்டைச் சுவர்களில் வெயில்காயும் என்பதால், அவற்றின்மேல் பார்க்காமல் கைவைப்பதோ உட்காருவதோ கூடாது. இதன் கடி கடும் வலியும் வீக்கமும் தரும், உயிரிழப்பு அரிது.

சம்பா மாவட்டம் பாம்பு ஆர்வலர்களுக்கு இப்போது தனிச் சிறப்புடைய இடம் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கின்போது அங்கே ஒரு மாணவர் தன் வீட்டருகே கண்ட பாம்பைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டார். அதைப் பார்த்த ஆய்வாளர்கள் தேடிச் சென்று, 2021-இல் அதைச் சுரா பள்ளத்தாக்கின் பெயரால் புதிய இனமாக விவரித்தார்கள். 2024-இல் அதே பகுதியிலிருந்து இன்னொரு பாம்பு, புதிய பேரினமாகவே விவரிக்கப்பட்டு, நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயரைப் பெற்றது. உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் கேமரா இருக்குமானால் விடுதித் தோட்டத்திலேயே தொடங்கலாம்.

ஜனக்புரி வாசகர்: பாம்பு கடித்தால் அடையாளம் தெரிந்தால்தானே மருந்து தர முடியும்? அதனால் பாம்பைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா? மேலும், மருந்து தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சிலிருந்து எடுக்கப்படுவதாகப் படித்தேன். இங்கே அது வேலை செய்யுமா?

கொண்டுபோகக் கூடாது. பிடிக்க முயன்று இரண்டாவது ஆள் கடிபடுவதும், செத்ததாக எண்ணிய பாம்பு கடிப்பதும் நடக்கின்றன. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் ஒரே மருந்து. மருத்துவர் பாம்பின் பெயரைக் கேட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, நோயாளியிடம் தெரியும் அறிகுறிகளைப் பார்த்தே தருகிறார். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை விரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும். கண்ணிமை சரிவதும் பேச்சுக் குழறுவதும் நல்லபாம்பையோ கட்டுவிரியனையோ சுட்டும்.

கட்டுவிரியனைப் பற்றி இங்கே தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அது தரையில் உறங்குபவர்களைப் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரிதாக இராது, பற்குறியும் தேடினாலும் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இஞ்சிக் கஷாயம் குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். மழைக்காலத்தில், தரையில் படுத்தவர் காரணம் புரியாத வயிற்றுவலியோடும் கண்ணிமைச் சரிவோடும் எழுந்தால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுப்பது கொசுவோடு இதையும் தடுக்கும். வீட்டில் வேலை செய்பவர்கள் எங்கே, எப்படிப் படுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். இந்நகரத்தில் தரையில் உறங்குபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கடிபட்டவர் நடக்கக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு போன்றவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி சட்டம் வைத்துக் கட்டி, அவசரப் பிரிவு உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும். இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், மந்திரிப்பவரைத் தேடுதல் ஆகியவை நேரத்தையும் சில வேளைகளில் காலையும் பறிக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமங்களில், மருத்துவமனைக்கு வந்து சேராமலேயே இறந்தவர்கள். மைய அரசு 2024 மார்ச்சில் அறிவித்த செயல்திட்டம் 2030-க்குள் இதைப் பாதியாகக் குறைக்க முனைகிறது.

இரண்டாவது கேள்வி கூர்மையானது. மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதியை, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலிருந்து தருகிறது. பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே இனத்தின் நஞ்சேகூட இடத்துக்கு இடம் மாறுபடுகிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இராசத்தானத்துச் சுருட்டை விரியன் தென்னிந்தியச் சுருட்டை விரியனிலிருந்து வேறுபட்ட துணையினம். தார்ப் பாலைவனப் பகுதியில் வாழும் சிந்துக் கட்டுவிரியன் அந்த நான்கில் சேராதது. எனவே வடமேற்கில் சில கடிகளுக்கு மருந்து எதிர்பார்த்த அளவு பலன் தராமல் போகக்கூடும், வட்டாரம்தோறும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் வலுத்துவருகிறது. அதற்காக மருந்து வேலை செய்யாது என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. கையில் உள்ள மருந்தும் செயற்கைச் சுவாசமும் சேர்ந்து ஏராளமானோரைக் காப்பாற்றிவருகின்றன.

ஃபரீதாபாத் வாசகர்: இருதலைப் பாம்புக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாக ஒருவர் அணுகினார். உண்மையா?

அது செம்மண்ணுளி. தலை ஒன்றுதான், இன்னொரு தலையாகத் தெரிவது அதன் மொட்டை வால். அதில் மருந்தும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அணுகியவர் மோசடிக்காரர். காவல்துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள்.

வசந்த் குஞ்ச் வாசகி: எங்கள் குடியிருப்பில் மாதந்தோறும் கார்பாலிக் அமிலம் தெளிக்கிறார்கள். பாம்பு வராமல் தடுக்குமா? அடுத்து ஒன்று வந்தால் உங்களுக்கு எப்படிப் படம் எடுத்து அனுப்புவது?

அமிலத்தின் வாடைக்கு அஞ்சிப் பாம்பு விலகும் என்பதற்குச் சான்றில்லை, குழந்தைகளின் தோலுக்கு அது கெடுதல். அந்தப் பணத்தில் கழிவுநீர்த் துளைகளுக்கு வலையும், கதவடிக்குத் தடுப்புப் பட்டையும், குப்பைத்தொட்டிக்கு மூடியும் போட்டால் எலி குறையும். எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

படத்தைப் பொறுத்தவரை, பாம்பிடமிருந்து குறைந்தது மூன்று மீட்டர் விலகி நின்று, ஜூம் செய்து எடுங்கள். முழு உடலும் தெரியும்படி மேலிருந்து ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் வால்பகுதி ஒன்று. ஃபிளாஷ் செதில்களில் பட்டு வெளுத்துவிடும் என்பதால் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுப்பது நல்லது. தேதி, நேரம், தளம், அருகில் நீர்நிலையோ பாறையோ புதரோ என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தலை மறைந்திருந்தால் தலை தெரியட்டும் என்று குச்சியால் தட்ட வேண்டாம், மங்கலான படத்தையே அனுப்புங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் முடியவில்லை என்றே பதில் எழுதுவோம்.